பேத்திக்குக் காது கேட்கிறதா என்று கேட்பவர்களுக்கு

1

போன வாரம் என் பேத்திக்கு முதல் பிறந்தநாள். கேக்கை வெட்டி, அதில் பாதியை அவள் தன் தலையில் தேய்த்துக்கொண்டு முடித்த நேரத்தில் ஊரிலிருந்து மதினி போன் செய்தாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி நான் புனேவுக்கு ரயிலேறி நாற்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் போன் அவளிடமிருந்துதான் வரும்.

"ஏ பேச்சி, பிள்ளைக்கு வயசு ஒண்ணு ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டு மதினி."

"பல்லு மொளச்சிட்டா?"

"நாலு மொளச்சிருக்கு."

"நடக்காளா?"

"சுவத்தப் பிடிச்சிட்டு நடக்கா."

அடுத்து எது வரும் என்று எனக்குத் தெரியும்.

"சரி... காது?"

"மதினி, சோறு அடுப்புல கெடக்கு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

என் மகன் முருகேசனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மருமகள் வர்ஷாவுக்கும் கேட்காது. அதனால் இந்தக் கேள்வி. மதினி மட்டும் கேட்கவில்லை. எதிர்வீட்டு மராத்திக்காரி கேட்கிறாள், பால்காரர் கேட்கிறார், ஊசி போடும் நர்ஸ் கேட்கிறாள். பிள்ளை பிறந்து குளிப்பாட்டக்கூட இல்லை, அதற்குள் ஒருத்தி அதன் காதுக்குப் பக்கத்தில் கைதட்டிப் பார்த்தாள்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்ல முடியாது என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பதில் கடைசியில் வரும். அதற்கு முன்னால், முருகேசனுக்கும் வர்ஷாவுக்கும் நடக்க இருந்த கல்யாணத்தை நானே கெடுக்கப் பார்த்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

2

நாங்கள் இருப்பது புனேவில் கசார்வாடியில், பட்டறைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் வீட்டிலிருந்தபடி ரப்பர் வாஷருக்குப் பிசிறு அறுப்பேன். அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் கொஞ்சம் ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சுற்றி அறுத்து எடுக்க வேண்டும். கோணி கோணியாக வரும். பிளேடு கீறாத இடம் என் விரலில் இல்லை.

முருகேசனுக்கு ஒன்றரை வயதில் விஷயம் தெரிந்தது. சந்தில் விளையாடிக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால் ஒரு டெம்போ வந்து ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் திரும்பவில்லை. டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டினான். நான் மகனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு விஷயம் சொன்னார். கையை ஆட்டிப் பேசக்கூடாது, பழகிவிட்டால் வாயைத் திறக்க மாட்டான். வீட்டில் ஒரே பாஷைதான் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் மராத்தி என்பதால் வீட்டிலும் மராத்தி. எனக்கு அப்போது காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் மராத்தி வரும். அதை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தேன். இன்றைக்கும் என் மகனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு மராத்தி எழுத்து தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சீட்டு எழுதிக்கூட நாங்கள் பேசிக்கொள்ள முடியாது.

ஊருக்குப் போனால், "பேச்சி பெத்த பிள்ளைக்குப் பேச்சு இல்ல" என்று சிரிப்பார்கள். ஊமையன் என்றே கூப்பிடுவார்கள். அந்த ஆத்திரத்தையெல்லாம் நான் பிள்ளையின் கையில் காட்டினேன். தண்ணீர் வேண்டுமென்று கையைக் காட்டினால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. வாயால் கேள், வாயால் கேள் என்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது. "ஏளா, எங்க பட்டறைக்கு வந்து பாரு. மிஷின் ஓடுத சத்தத்துல ஒருத்தன் பேசுதது ஒருத்தனுக்குக் கேக்காது. அத்தன பேரும் காலைல இருந்து கையிலதான் பேசுதோம். எங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்பார். மிஷினை நிறுத்து என்றால் ஒரு கை, டீக்கு ஒரு கை, மேஸ்திரி வருகிறான் என்றால் மீசையை முறுக்குவது. அத்தனையையும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பனும் மகனும் எனக்குப் பின்னால் நின்று கையிலேயே பேசிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரியும். அவர் போய் ஏழு வருடம் ஆகிறது. அவர் போன பிறகு வீட்டில் அவனோடு பேச ஆள் இல்லாமல் போனது. நான் இருந்தேன். இருந்தும் அப்படித்தான்.

3

முருகேசன் இப்போது ஒரு பட்டறையில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறான். மூன்றரை வருடத்துக்கு முன்னால் அவனுடைய பழைய ஊனச் சான்றிதழ் செல்லாது, புது அட்டை வாங்க வேண்டும் என்றார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே வராந்தாவில் காது கேட்காதவர்கள் முப்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பியூன் கதவைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கத்திக் கூப்பிட்டான். ஆமாம், கத்தித்தான்.

என் மகனுக்குக் காதாகப் போனவள் நான். அந்தப் பியூன் வாயில் முருகேசன் என்ற பெயர் என்னென்னவோ ஆகி வெளியே வந்ததில், வேறு யாரோ என்று சும்மா உட்கார்ந்துவிட்டேன். எங்கள் முறை போய்விட்டது. எங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் தனியாக வந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முறையும் போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் மராத்தியில் எழுதிப் பியூனிடம் நீட்டினார்கள்.

அவன் படித்துவிட்டு, "கூப்பிட்டேனே, காது கேக்கலையா?" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நான் அதை எனக்குத் தெரிந்த அரைகுறைக் கையால் மகனுக்குச் சொன்னேன். அவன் அந்தப் பெண்ணுக்குச் சொன்னான். ஒரு நிமிடத்தில் பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்தான் வர்ஷா.

அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். போனால் ஒரு முத்திரை குறைந்தது. அதற்கு அடுத்த வியாழன் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு. நான்காவது வியாழனில் இரண்டு பேருக்கும் அட்டை கிடைத்தது. ஐந்தாவது வியாழனும் இவன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

4

எனக்குப் புரியாததற்குக் காரணம், நான் வேறொரு கணக்கில் இருந்தேன். காது கேட்கிற பெண்ணாகப் பார்த்து அவனுக்குக் கட்டி வைக்க வேண்டும். எனக்குப் பிறகு கதவு தட்டினால் யார் திறப்பது, குக்கர் விசில் அடித்தால் யார் அணைப்பது? ஊரிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். மதினி ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். பெயர் மாரீஸ்வரி, இருபத்து மூன்று வயது. என் மகனுக்கு அப்போது முப்பத்து மூன்று.

"இல்லாத வீட்டுப் பிள்ள. சொன்னதக் கேப்பா" என்றாள் மதினி.

அதற்கு நான் தலையாட்டினேன்.

மகனிடம் கோவில் கொடைத் திருவிழா என்று சொல்லி ஊருக்கு அழைத்துப் போனேன். போன மறுநாள் அந்தப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். பாய் விரித்து, பலகாரம் வைத்து, அந்தப் பிள்ளை காப்பித் தட்டோடு வந்து நின்றதும் அவனுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. மெதுவாகக் கையால் சொன்னான். "எனக்கு வேறொரு பெண் இருக்கிறாள். இந்தப் பெண்ணிடம் கேள், இவளுக்காவது இதில் சம்மதமா என்று."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பொம்மலாட்டம் பார்ப்பது போல அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் புரியாது. என்னைத் தவிர.

"என்னளா சொல்லுதான்?" என்றாள் மதினி.

"பிள்ளய ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அந்தச் சிரிப்பையும் அவள் குனிந்த தலையையும் பார்த்த என் மகன், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரிந்துகொண்டான்.

5

நம்மிடம் ஒருவருக்குக் கோபம் என்றால் பேசாமல் இருப்பார்கள். அப்போதும் நாம் பேசுவது அவர்கள் காதில் விழத்தான் செய்யும். முருகேசன் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். புனே வந்து சேரும்வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். வீட்டில் நான் முன்னால் போய் நின்றால் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணை மூடிக்கொண்டால் பிறகு அவனிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. இப்படி ஒரு மாதம் போனது. என் வீட்டில், என் மகனுக்கு எதிரில், நான் வாயில்லாதவளாக நடமாடினேன். அவன் ஊரில் பாயில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் மாரீஸ்வரிக்கே போன் போட்டேன். அன்றைக்கு அவன் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தாயீ, இருக்கியா?"

"இருக்கேன் அத்தை." அழுகிறாளோ என்று பயந்தேன். அவள் மூச்சு விட்டாள். "நல்லவேள சொன்னீங்க. எனக்கு நர்சு படிக்கணும். வீட்டுல யாருட்ட சொல்ல? அந்தக் கூடத்துல எனக்குச் சம்மதமான்னு கேட்டது அவரு ஒருத்தருதானா?"

"அவன் ஒருத்தன்தான்."

"அவர நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

மதினியிடம் சொன்னபோது அவள் கத்திய கத்தலில் போன் சூடாகிவிட்டது. அதை எழுத வேண்டாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் பட்டறை வாசலில் போய் நின்றேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் வைத்துக் கையால் சொன்னேன்: "நான் பொய் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்." முப்பது வருடமாக அவனோடு அரைகுறையாகக் கை பேசியவள்தானே. பொய் என்பதற்கு நான் காட்டியது வேறெதுவோ ஆகிவிட்டது போல. பக்கத்திலிருந்தவன் சிரித்தான். முருகேசன் என்னைப் பார்த்தான். பிறகு டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் விரல்களைப் பிடித்து, மடக்கி, சரியான இடத்தில் வைத்தான். பொய் என்றால் இப்படி. இன்னொரு முறை சொல் என்றான். சொன்னேன்.

கரண்டியால் நான் தட்டிய அதே கை என் கையைத் திருத்தியது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு நானும் போக ஆரம்பித்தேன். ஒரு பூங்காவில் அவன் ஆட்கள் கூடுவார்கள். மராத்திக்காரர், கன்னடக்காரர், பீகாரி எல்லாம் உண்டு. அத்தனை பேருக்கும் ஒரே கை. புனேவுக்கு வந்த புதிதில் பாஷை தெரியாமல் விழித்த மாதிரியே அங்கும் விழித்தேன். "மெதுவாக, மெதுவாக" என்பதுதான் நான் முதலில் படித்தது. அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. எனக்கும் வைத்தார்கள். கட்டைவிரலால் சுட்டுவிரல் ஓரத்தைச் சுற்றி அறுப்பது. பிசிறு அறுக்கிறவள்.

6

வர்ஷாவின் வீடு பாணேரில், லிஃப்ட் வைத்த கட்டிடத்தில். அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா படித்தவர். வர்ஷாவுக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. நானும் முருகேசனும் போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்தோம். என் மராத்தி கசார்வாடி மராத்தி. அதில் ஆண் பெண்ணாவான், பெண் ஆணாவாள். அதை வைத்துக்கொண்டுதான் பெண் கேட்டேன்.

அப்பா மரியாதையாகப் பேசினார். "உங்கள் மகன் நல்லவன்தான். ஆனால் நாங்கள் காது கேட்கிற பையனாகப் பார்க்கிறோம். ஒருவருக்காவது கேட்க வேண்டாமா?"

ஊரில் நான் சொன்ன அதே சொல், சுத்தமான மராத்தியில். எனக்கு என் முகத்தையே கண்ணாடியில் பார்த்தது போல இருந்தது.

அம்மா அதற்கு மேல் போனார். "நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால்? ராத்திரி அழுதால் யாருக்குக் கேட்கும்? அதுவும் இவர்களைப் போலவே பிறந்துவிட்டால்?"

வர்ஷா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்பா வாயையும் அம்மா வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் சொன்ன அத்தனையையும் கையால் அவளுக்குச் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதில் சொன்னாள். வேகமாகச் சொன்னாள், நான் மெதுவாக என்றேன், மறுபடி சொன்னாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த அம்மாவுக்கு மகளின் கை தெரியாது. இத்தனை வருடமாக வீட்டில் எல்லாம் சீட்டிலும் போனிலும் எழுதித்தான். ஒரு மராத்தி மகள் சொல்வதை அவளைப் பெற்ற மராத்தித் தாய்க்குச் சொல்ல மூன்றாம் வகுப்புத் தமிழச்சி ஒருத்தி வேண்டியிருந்தது.

அன்றைக்கும் நான் எதையாவது இனிப்பாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரியம் நடந்தும் இருக்கும். முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவள் சொல்வதை அப்படியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று ஆரம்பித்தேன். "'சத்தம் இல்லாத டிவி பார்ப்பது போல இந்த வீட்டில் உங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்துவிட்டேன். என்ன சிரிக்கிறீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறோம் என்பீர்கள். பிறகு சொன்னதே இல்லை. காது கேட்கிற ஒருவனைக் கட்டினால் அவன் வீட்டிலும் அதே டிவிதான். இவர் எனக்கு எதையும் பிறகு சொல்கிறேன் என்று பாக்கி வைப்பதில்லை.'"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் சரி," என்றார் அம்மா கடைசியில், கொஞ்சம் இறங்கிய குரலில். "குழந்தை அழுதால்?"

"தாயி," என்றேன், "என் வீட்டுக்காரர் இருந்தவரை அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. சந்து முனையில் பட்டறைச் சங்கு ஊதினால் எழுந்துவிடுவார். பிள்ளை அழுது ஒரு நாளாவது எழுந்தது உண்டா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் எப்படி?"

அந்த அம்மா தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. வர்ஷா என்னிடம், "அம்மா எதற்குச் சிரிக்கிறாள்?" என்று கையால் கேட்டாள்.

நான் கையைத் தூக்குவதற்குள் அந்த அம்மா எழுந்து போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த வகையில், கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, அப்பாவைக் காட்டி, குறட்டை விட்டுக் காட்டி, தானே சொன்னார். எல்லாம் தப்பான கை. வர்ஷாவுக்கு எல்லாம் புரிந்தது.

7

கல்யாணம் இரண்டு முறைப்படியும் நடந்தது. மராத்தி முறையில் மணமக்களுக்கு நடுவே ஒரு துணியைப் பிடித்து, பாட்டுப் பாடி முடிந்த பிறகுதான் அதை விலக்குவார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. இவர்களோ பார்த்தால்தான் பேச முடியும். பாட்டு நீளமாகப் போனது. திடீரென்று துணிக்கு மேலே இந்தப் பக்கம் இரண்டு கை, அந்தப் பக்கம் இரண்டு கை. பசிக்கிறதா என்று இவன் கேட்கிறான், பயங்கரமாக என்று அவள் சொல்கிறாள். புரோகிதர் பாட்டை நிறுத்தவில்லை, ஆனால் சீக்கிரம் முடித்தார்.

பிறகு நம் முறை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கிர்க்கியிலிருந்து நம் ஆட்களை வரவழைத்திருந்தேன். கெட்டிமேளம் எப்படிச் சொல்வோம்? அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. ஒருவர் கையைத் தூக்கி விரலை ஆட்டுவார், மேளக்காரர் அதைப் பார்த்து அடிப்பார். அறுபது வருடமாகப் பார்த்த வழக்கம், அன்றைக்குத்தான் அதை நான் சரியாகப் பார்த்தேன். புருஷன் இல்லாதவள் ஓரமாக நில் என்று மதினி காதில் சொன்னாள். ஆமாம், கோபத்தோடும் வந்திருந்தாள். எனக்குக் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, முன்னால் போய்க் கையைத் தூக்கி விரலை ஆட்டினேன்.

மேளம் கொட்டியது. அதே நொடியில் காது கேட்காத விருந்தாளிகள் எழுபது பேரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். தவில்காரர் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பயந்து நிறுத்திவிட்டார். "அடிங்கய்யா, அடிங்க!" என்று வாயாலும் கையாலும் நான் கத்த, என் மகன் தாலி கட்டினான்.

8

இப்போது பதில்.

பேத்திக்கு மீரா என்று பெயர். கன்னத்துக் குழியில் விரலை வைத்துத் திருகினால் அதுவும் அவள் பெயர்தான். அழுதால் அவள் அப்பா பொருத்திய விளக்கு எரியும், இரண்டு பேரும் எழுவார்கள். அதிலும் முருகேசன்தான் முதலில். காதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. டாக்டர் சொன்னது எங்களுக்குத் தெரியும். அதை உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை. கேட்கும் என்றால் அப்பாடா என்பீர்கள், கேட்காது என்றால் ஐயோ என்பீர்கள். இரண்டும் அவளுக்கு வேண்டாம். அவளைப் பற்றி வேறு ஏதாவது கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

நேற்று மதினி வீடியோவில் வந்தாள். விடமாட்டாள். பிள்ளையைக் காட்டு என்றாள். மடியில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன், அப்படியே காட்டினேன். மதினி போனுக்குள்ளிருந்து கைதட்டினாள், நாக்கைச் சொடுக்கினாள், "மீரா, மீரா, இங்க பாருட்டீ" என்று கத்தினாள். மீரா திரையைப் பார்த்தாள். இட்லி ஒட்டிய இரண்டு கையையும் தூக்கி, விரித்து, ஒரு திருப்புத் திருப்பினாள்.

"ஏளா, கையக் காட்டுதா! என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா?"

இந்த முறை நான் எதையும் மாற்றவில்லை.

"போதும்னு சொல்லுதா மதினி."